சாக்ரமென்டோவிலிருந்து வாஷிங்டன் வரை: ஹென்றி வாக்ஸ்மனின் நாற்பது வருடம்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் மாநில சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் காங்கிரஸுக்குப் போகிறார். பிறகு முப்பது, நாற்பது வருடம் அங்கேயே இருக்கிறார். அமைச்சராகவில்லை, செனட்டுக்குப் போகவில்லை, அதிபர் தேர்தலில் நிற்கவில்லை. பிரதிநிதிகள் சபையின் 435 பேரில் ஒருவராக இருந்தே ஓய்வுபெறும் இப்படிப்பட்டவர்களால் உண்மையில் என்ன செய்ய முடிகிறது? மாநிலத்தில் இருந்த அனுபவம் ஏதாவது உதவுகிறதா?

நிறையச் செய்ய முடியும். அனுபவமும் உதவும். பொதுவாகப் பேசுவதைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை வைத்தே சொல்கிறேன். ஹென்றி வாக்ஸ்மன். கலிபோர்னியா சட்டமன்றத்தின் கீழவையில் 1969 முதல் 1974 வரை இருந்தார். அப்புறம் 1975 ஜனவரி முதல் 2015 ஜனவரி வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், சரியாக நாற்பது வருடம்.

எனக்கு இவர் முதலில் ஒரு சட்டத்தின் பெயராகத்தான் அறிமுகம். ஜெனரிக் மருந்து, அதாவது காப்புரிமை முடிந்த மருந்தின் நகல், தயாரிக்கும் கம்பெனியில் அமெரிக்காவுக்கான பதிவு ஆவணங்கள் தயாரிக்கும் பிரிவில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே 'ஹேட்ச்-வாக்ஸ்மன்' என்ற சொல் காதில் விழத் தொடங்கிவிடும். ஏ.என்.டி.ஏ. (ஜெனரிக் மருந்துக்கான சுருக்க விண்ணப்பம்), பாரா-4 ஃபைலிங் (மூல மருந்தின் காப்புரிமைக்குச் சவால் விடும் விண்ணப்பம்), 180 நாள் உரிமை என்று நாங்கள் தினமும் பேசியவை எல்லாம் அந்த ஒரே சட்டத்திலிருந்து வந்தவை. சட்டத்துக்குப் பின்னால் இருந்த ஆளைத் தேடிப் படித்தபோதுதான் அமெரிக்கக் காங்கிரஸ் எப்படி இயங்குகிறது என்பதே எனக்குப் பிடிபட்டது.

வாக்ஸ்மன் 1939இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா வாட்ஸ் பகுதியில் மளிகைக் கடை நடத்தினார். கடைக்கு மேலேயே வீடு. அந்த ஊர்ப் பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ.வில் அரசியல் அறிவியலும் சட்டமும் படித்தார். அங்கேதான் இளம் ஜனநாயகக் கட்சியினர் அமைப்பில் ஹோவர்ட் பெர்மன் என்ற நண்பர் கிடைத்தார். ஒருவர் பிரச்சாரத்துக்கு மற்றவர் ஓடுவார். பிற்காலத்தில் 'வாக்ஸ்மன்-பெர்மன் அணி' என்று லாஸ் ஏஞ்சல்ஸ் அரசியலில் தனிப் பெயரே உண்டானது. 1968இல், 28 வயதில், நீண்ட காலமாகப் பதவியில் இருந்த சொந்தக் கட்சி உறுப்பினர் லெஸ்டர் மெக்மில்லனை உட்கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்துத்தான் வாக்ஸ்மன் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார். முறை வரட்டும் என்று காத்திருக்கும் சுபாவம் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

அவர் போய்ச் சேர்ந்த கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமென்டோ சாதாரண இடம் இல்லை. 1966இல்தான் கலிபோர்னியா மக்கள் தங்கள் சட்டமன்றத்தை முழுநேர அவையாக மாற்ற ஓட்டுப் போட்டிருந்தார்கள். சபாநாயகராக இருந்த ஜெஸ்ஸி அன்ரூ அதை வல்லுநர்களும் ஊழியர்களும் கொண்ட தொழில்முறை அவையாக வளர்த்திருந்தார். பணம்தான் அரசியலுக்குத் தாய்ப்பால் என்று சொன்னவரும் அவரே. ஆளுநர் நாற்காலியில் ரொனால்ட் ரீகன். இந்தச் சூழலில் வாக்ஸ்மன் மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டார்.

முதலாவது சுகாதாரம். ஒரே துறையை எடுத்துக்கொண்டு, அதில் மற்ற எல்லாரையும்விட அதிகம் தெரிந்தவராக ஆவது. சட்டமன்றத்தின் சுகாதாரக் குழுவுக்குத் தலைவரானார். இரண்டாவது, தொகுதி எல்லை வரைபடம். 1971இல் மறுவரையறைக் குழுவின் தலைவர் அவர்தான். அந்தத் திட்டத்தை ரீகன் வீட்டோ செய்தார், கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு வரைபடம் போட்டது. ஆனாலும் தெருத் தெருவாகக் கோடு போடும்போது எந்த உறுப்பினருக்கு எது உயிர் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மூன்றாவது, சக உறுப்பினர்களின் தேர்தல் செலவுக்கு உதவி செய்வது. இந்த மூன்றையும் அவர் வாஷிங்டனுக்குக் கையோடு கொண்டுபோனார்.

1974 தேர்தல் வாட்டர்கேட் ஊழலின் சூட்டில் நடந்தது. அதிபர் நிக்சன் ஆகஸ்டில் ராஜினாமா செய்திருந்தார். நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் புதுமுகங்கள் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் சபைக்குள் வந்தார்கள். வந்த வேகத்தில் பல வருடமாகத் தலைமையில் இருந்த மூன்று குழுத் தலைவர்களை இறக்கிவிட்டார்கள். பணிக்காலத்தில் மூத்தவருக்கே பதவி என்ற பழைய வழக்கம் அங்கேதான் முதலில் விரிசல் கண்டது. வாக்ஸ்மன் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

இங்கே ஒன்றை விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. அமெரிக்கக் காங்கிரஸில் சட்டம் உருவாகும் இடம் பெரும்பாலும் குழுக்கள்தான். மசோதாவை எழுதுவது, விசாரணை நடத்துவது, சாட்சிகளை அழைப்பது, வரிவரியாகத் திருத்துவது எல்லாம் குழுவிலும் துணைக்குழுவிலும் நடக்கும். சபைக்கு வரும்போது பாதிச் சண்டை முடிந்திருக்கும். அதனால் சுகாதாரம், காற்று மாசு, மருந்துக் கட்டுப்பாடு மூன்றும் ஒரே துணைக்குழுவின் கையில் இருந்தால், அந்த நாற்காலியில் இருப்பவருக்குப் பல கேபினட் அமைச்சர்களுக்கு இல்லாத பலம் உண்டு.

அந்த நாற்காலி 1978இல் காலியானது. அடுத்த மூத்தவர் வட கரோலினாவின் ரிச்சர்ட்சன் ப்ரேயர். முன்னாள் நீதிபதி, எல்லாராலும் மதிக்கப்பட்டவர். ஆனால் குடும்பச் சொத்து மருந்து வியாபாரத்திலிருந்து வந்தது, மாநிலமோ புகையிலை மாநிலம். நாலே வருட அனுபவம் கொண்ட வாக்ஸ்மன் அவரை எதிர்த்து நின்றார். குழுவில் ஓட்டுப் போடவிருந்த சிலரின் தேர்தல் நிதிக்கு வாக்ஸ்மன் ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தார். சாக்ரமென்டோவில் அது சகஜம், வாஷிங்டனில் பலர் முகம் சுளித்தார்கள். 1979 தொடக்கத்தில் 15க்கு 12 என்ற கணக்கில் ஜெயித்தார். இந்த முறை இன்று அமெரிக்க அரசியலில் எங்கும் பரவிவிட்டது, அதனால் நன்மையைவிடக் கெடுதல் அதிகம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்று ஓட்டு வித்தியாசம் இல்லாமல் இனி சொல்லப்போகும் எதுவும் நடந்திருக்காது.

சரி, மருந்துச் சட்டத்துக்கு வருவோம். 1984க்கு முன்பு, காப்புரிமை முடிந்த மருந்தையே இன்னொரு கம்பெனி தயாரிக்க வேண்டுமானாலும், பாதுகாப்பையும் பலனையும் பெரும்பாலும் மறுபடி சோதனை செய்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவுக்கு யாரும் துணியவில்லை. சுமார் 150 மருந்துகள் காப்புரிமை முடிந்தும் போட்டியாளரே இல்லாமல் பழைய விலைக்கே விற்றன. மறுபக்கம், புது மருந்து கண்டுபிடிக்கும் கம்பெனிகளுக்கும் ஒரு நியாயமான குறை இருந்தது: காப்புரிமைக் காலத்தில் பல வருடம் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதிக்குக் காத்திருப்பதிலேயே கரைந்துவிடுகிறது.

வாக்ஸ்மன் யூட்டா மாநிலக் குடியரசுக் கட்சி செனட்டர் ஆரின் ஹேட்சோடு உட்கார்ந்தார். இருவருக்கும் கொள்கையில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் பேரம் படிந்தது. ஜெனரிக் கம்பெனி, தன் மருந்து ரத்தத்தில் மூல மருந்தைப் போலவே சேர்கிறது என்று காட்டினால் போதும், பெரிய மருத்துவப் பரிசோதனைகள் வேண்டாம். காப்புரிமை முடிவதற்கு முன்பே சோதனைத் தயாரிப்பைத் தொடங்கலாம். பதிலுக்கு, மூல மருந்துக்கு இழந்த காலத்தில் ஐந்து வருடம் வரை திரும்பக் கிடைக்கும். காப்புரிமை செல்லாது என்று முதலில் சவால் விடும் ஜெனரிக் கம்பெனிக்கு 180 நாள் தனி உரிமை. 1984 செப்டம்பர் 24 அன்று இதில் கையெழுத்திட்ட அதிபர், சாக்ரமென்டோவில் வாக்ஸ்மனின் வரைபடத்தை வீட்டோ செய்த அதே ரீகன்.

அப்போது அமெரிக்காவில் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் ஜெனரிக் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. இன்று பத்தில் ஒன்பது. அந்த மாத்திரைகளில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போகிறது. எங்கள் துறையில் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட சட்டம் அது. காப்புரிமை முடியும் முன்பே சோதனைக்காகத் தயாரிக்கலாம் என்ற விதியை இந்தியாவும் பிறகு தன் காப்புரிமைச் சட்டத்தில் 107ஏ பிரிவாகச் சேர்த்துக்கொண்டது.

சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. 180 நாள் உரிமை வைத்திருக்கும் ஜெனரிக் கம்பெனிக்கு மூல கம்பெனி பணம் கொடுத்து, 'கொஞ்ச காலம் சந்தைக்கு வராதே' என்று ஒப்பந்தம் போடும் வழக்கம் முளைத்தது. முதல் ஆள் வராவிட்டால் பின்னால் நிற்கும் யாரும் வர முடியாது. 2003இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2013இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைப் போட்டியைத் தடுப்பதற்கு எதிரான சட்டத்தின் கீழ் விசாரிக்கலாம் என்றது. இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அரிய நோய் மருந்துகளுக்கான 1983 சட்டமும் அவருடையதே. நோயாளிகள் குறைவு என்பதால் எந்தக் கம்பெனியும் தொடாத நோய்களுக்கு மருந்து செய்தால் ஏழு வருடத் தனி உரிமையும் வரிச் சலுகையும். அதனால் நூற்றுக்கணக்கான மருந்துகள் வந்தன. சில கம்பெனிகள் அதை வைத்தே கொள்ளை விலை வைத்ததும் உண்மை. அதைக் கட்டுப்படுத்த வாக்ஸ்மன் கொண்டுவந்த திருத்தத்தை 1990இல் தந்தை புஷ் கையெழுத்திடாமல் விட்டுவிட்டார்.

எய்ட்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1982 ஏப்ரலில், அந்த நோய்க்கு எய்ட்ஸ் என்ற பெயரே வராத நேரத்தில், அதைப் பற்றிய முதல் காங்கிரஸ் விசாரணையை லாஸ் ஏஞ்சல்ஸில் தன் தொகுதிப் பக்கமே நடத்தினார். இறந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் ஓரினச் சேர்க்கையாளர்கள் என்பதால் அரசியல்வாதிகள் பேச்சையே எடுக்காத காலம் அது. 1990இல், எய்ட்ஸால் இறந்த சிறுவன் ரையன் வைட் பெயரில் எய்ட்ஸ் சிகிச்சைச் சட்டம் நிறைவேற எட்டு வருடம் ஆனது.

காற்று மாசு விஷயத்தில் அவருக்கு எதிரே நின்றவர் சொந்தக் கட்சியின் ஜான் டிங்கல். கார்த் தொழில் நகரமான டெட்ராய்ட் பக்கத்து உறுப்பினர், வாக்ஸ்மனின் துணைக்குழுவுக்கு மேலுள்ள முழுக் குழுவின் தலைவர், 1955இலிருந்து சபையில் இருப்பவர். சுகாதாரத்தில் இருவரும் ஒரே பக்கம். கார்ப் புகையில் நேர் எதிர். 1982இல் சுத்தக் காற்றுச் சட்டத்தைத் தளர்த்தும் மசோதாவை டிங்கல் ஆதரித்தபோது, வாக்ஸ்மன் பக்கம் சுமார் 600 திருத்தங்களைத் தயார் செய்து கடைகளில் பயன்படும் தள்ளுவண்டிகளில் ஏற்றிக் குழு அறைக்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றையும் விவாதிக்க வேண்டுமே! மசோதா அங்கேயே நின்றுபோனது. தடுப்பது ஒரு பாதி வேலைதான்.

மறுபாதிக்குப் போபால் தேவைப்பட்டது. 1984 டிசம்பர் தொடக்கத்தில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. அதே மாதத்திலேயே, மேற்கு வர்ஜீனியாவில் அந்தக் கம்பெனியின் அமெரிக்க ஆலை இருந்த இன்ஸ்டிடியூட் என்ற ஊருக்கே தன் துணைக்குழுவைக் கூட்டிப்போய் விசாரணை நடத்தினார். அமெரிக்க ஆலைகள் எவ்வளவு நச்சைக் காற்றில் விடுகின்றன என்ற கணக்கே அரசிடம் இல்லை என்பது வெளியே வந்தது. 1986 சட்டம் ஆலைகள் அந்தக் கணக்கைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும் என்றது. 1990 சுத்தக் காற்றுத் திருத்தங்கள் 189 நச்சுப் பொருள்களைப் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தின. போபாலில் செத்தவர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. ஆனால் அவர்களின் சாவு இன்னொரு நாட்டின் சட்டத்தில் வரியாக நிற்கிறது என்பதை நான் மறக்க நினைப்பதில்லை.

படத்தில் பலர் பார்த்திருக்கக்கூடிய காட்சி புகையிலை விசாரணை. 1994 ஏப்ரல் 14. ஏழு சிகரெட் கம்பெனித் தலைவர்கள் வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தார்கள். நிகோடின் அடிமைப்படுத்தாது என்று நம்புவதாக ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். ஏழு மாதத்தில் தேர்தல் வந்தது, நாற்பது வருடத்துக்குப் பிறகு குடியரசுக் கட்சி சபையைப் பிடித்தது. முழுக் குழுவின் தலைமை, புகையிலை ஊரான ரிச்மண்டின் தாமஸ் பிளைலிக்குப் போனது. விசாரணை முடிந்தது. வாக்ஸ்மனிடம் நாற்காலி இல்லை, சபையில் பேசும் உரிமை மட்டும் இருந்தது. 1995இல் சிகரெட் கம்பெனியான பிலிப் மாரிஸின் உள் ஆவணங்களைச் சபைக் குறிப்பேட்டிலேயே ஏற்றிவிட்டார். சபையில் சொன்னதற்கு வழக்குப் போட முடியாது. எஃப்.டி.ஏ.வுக்குப் புகையிலை மேல் அதிகாரம் இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அதிகாரத்தைக் கொடுக்கும் சட்டம் 2009 ஜூனில் ஒபாமா கையெழுத்தோடு வந்தது. அதைச் சபையில் கொண்டுவந்தவர் வாக்ஸ்மன். இடையில் ஓடியது பதினைந்து வருடம்.

அவர் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும். 1985இல் தன் பகுதியில் ஒரு கடையில் மீத்தேன் வாயு வெடித்தபோது, வில்ஷர் சாலை வழியே சுரங்க ரயில் தோண்ட மத்திய அரசுப் பணம் தரக்கூடாது என்று சட்டம் போடவைத்தார். பயம் நியாயமானதுதான், ஆனால் அந்தத் தடை இருபது வருடத்துக்கும் மேல் நீடித்தது. நெரிசலில் திணறும் நகரத்துக்கு அது பெரிய இழப்பு. 2002இல் இராக் போருக்கு அனுமதி கொடுக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். பிறகு அந்தப் போருக்குச் சொன்ன காரணங்களைத் தோண்டித் தோண்டி விசாரித்தார் என்றாலும், அந்த ஓட்டு ஓட்டுதான்.

2007இல் கண்காணிப்புக் குழுவின் தலைவரானார். 2008 அக்டோபரில், பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த வாரங்களில், மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பானைக் கேள்வி கேட்டு, தன் சிந்தனையில் ஒரு குறை இருந்ததாக அவர் வாயாலேயே சொல்லவைத்தார். அடுத்த மாதம் டிங்கலையே எதிர்த்து எரிசக்தி-வணிகக் குழுவின் தலைமைக்கு நின்று, 137க்கு 122 என்று ஜெயித்தார். பருவநிலை மாற்றத்துக்கான மசோதாவை 2009 ஜூனில் சபையில் 219க்கு 212 என்று கரையேற்றினார். செனட் அதைத் தொடவே இல்லை. அவருடைய ஆகப் பெரிய தோல்வி அதுதான். ஒபாமாவின் சுகாதாரச் சட்டம் மட்டும் 2010இல் தேறியது, அதை உருவாக்கியதில் அவர் குழுவுக்கும் பங்கு உண்டு.

தொகுதி எல்லையில் தொடங்கிய வாழ்க்கையை எல்லையே கடைசியில் உலுக்கியது. வரைபடம் போடும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பறித்து மக்கள் ஆணையத்திடம் கொடுத்திருந்தார்கள். அந்த ஆணையம் 2011இல் போட்ட வரைபடத்தின்படி 2012 தேர்தல் நடந்தது. பழைய நண்பர் பெர்மன் தோற்றார். வாக்ஸ்மன் சுயேச்சை ஒருவரிடம் 54 சதவீதத்தில் தப்பினார். 2014இல் ஓய்வை அறிவித்தார். அவர் இடத்துக்கு வந்த டெட் லியூவும் கலிபோர்னியா மாநில செனட்டிலிருந்து போனவர்தான்.

எல்லாவற்றிலும் எது பெரியது என்று கேட்டால், பெரும்பாலோர் மருந்துச் சட்டத்தையோ புகையிலையையோ சொல்வார்கள். நான் ஒரு தேதியைச் சொல்வேன்: 1983 செப்டம்பர் 30.

மெடிகெய்ட் என்பது மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து ஏழைகளுக்குத் தரும் மருத்துவக் காப்பீடு, 1965இல் தொடங்கியது. எண்பதுகளின் தொடக்கம் வரை, ஒரு குழந்தைக்கு அது கிடைப்பது பெரும்பாலும் குடும்பம் அரசின் உதவித்தொகை வாங்குகிறதா என்பதைப் பொறுத்தே இருந்தது. பல தென் மாநிலங்களில் உதவித்தொகைக்கான வருமான வரம்பு வறுமைக் கோட்டின் பாதிக்கும் கீழே. அப்பாவும் அம்மாவும் ஏதோ கூலி வேலை செய்தால் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. ரீகன் ஆட்சி திட்டத்தைச் சுருக்கப் பார்த்தது. அந்த நேரத்தில் பெரிய மசோதா கொண்டுவந்தால் செத்துப்போகும் என்று வாக்ஸ்மனுக்குத் தெரியும். அதனால் கிட்டத்தட்ட ஒவ்வொரு வருட பட்ஜெட் மசோதாவிலும் ஒரு சின்ன விரிவாக்கத்தைச் சேர்த்தார். அதிபர் பட்ஜெட்டையே வீட்டோ செய்ய மாட்டார் அல்லவா?

1984இல் உதவித்தொகை வரம்புக்குள் வரும் ஏழைக் குடும்பத்துச் சிறு குழந்தைகள் சிலர். 1986இல் வறுமைக் கோடு வரை கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் சேர்க்க மாநிலங்களுக்கு விருப்ப உரிமை. 1988இல் அந்த விருப்பம் கட்டாயமானது. 1989இல் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வறுமைக் கோட்டின் 133 சதவீதம் வரை. கருக்கலைப்பை வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஹென்றி ஹைடைப் போன்ற குடியரசுக் கட்சியினரையும் இதில் கூட்டுச் சேர்த்தார். பிறக்கும் குழந்தை பிழைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. மாநிலங்களுக்குச் செலவு ஏறியது. 1989இல் 49 ஆளுநர்கள் சேர்ந்து, இரண்டு வருடத்துக்குப் புதுச் சுமை வேண்டாம் என்று கேட்டார்கள். அவர்கள் கஷ்டம் பொய்யில்லை.

அடுத்த வருடமே அவர் மிச்சத்தையும் முடித்தார். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள ஆறு முதல் பதினெட்டு வயதுக் குழந்தைகள் எல்லாரையும் ஒரே நாளில் சேர்த்தால் செலவுக் கணக்கு பயமுறுத்தும். அதனால் சட்டத்தில் இப்படி எழுதினார்கள்: 1983 செப்டம்பர் 30க்குப் பிறகு பிறந்த குழந்தைகள். 1990இல் அவர்களில் மூத்தவருக்கே ஏழு வயது. முதலில் ஆறு, ஏழு வயதுக்காரர்கள் மட்டும் கூடுதலாக வருவார்கள், பிறகு வருடத்துக்கு ஒரு வயது சேரும். முதல் சில வருடக் கணக்கில் தொகை சின்னதாகவே தெரியும்.

பிள்ளைகள் வளர வளரச் சட்டமும் வளர்ந்தது. 1994இல் சபை கைமாறியது, அவருடைய துணைக்குழுவும் போனது. 1995இல் மெடிகெய்டை மாநிலங்களிடம் மொத்தத் தொகையாகக் கொடுத்துவிடும் முயற்சி நடந்தது, கிளின்டன் வீட்டோவால் நின்றது. அப்போதும் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு வயது கூடிக்கொண்டே போனது. 2002இல் கடைசிப் படியும் முடிந்து, நாட்டில் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு எல்லா மாநிலத்திலும் அந்தக் கதவு திறந்தது. அன்று வாக்ஸ்மன் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். புதிதாக ஒரு ஓட்டெடுப்பும் தேவைப்படவில்லை.